எந்த இரண்டு புள்ளிகள்? காவிரிக் கடைமடையில் ஒரு சாய்வுக் கணக்கு

இரண்டு புள்ளிகளைக் கொடுத்து அவற்றின் வழியே செல்லும் கோட்டின் சாய்வு என்ன என்று கேட்டால், பள்ளிக் கணக்கில் அதைவிட எளிய கேள்வி அதிகம் இல்லை. ஒரு புள்ளியின் உயரத்திலிருந்து மற்றதன் உயரத்தைக் கழிக்க வேண்டும். அதே வரிசையில் கிடைத்தொலைவையும் கழிக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்துவிட்டால் முடிந்தது. (2, 3), (6, 11) ஆகியவை புள்ளிகள் என்றால் 8ஐ 4ஆல் வகுக்கிறோம், சாய்வு 2. இந்தக் கணக்கில் மாணவர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டுதான். மேலே ஒரு வரிசையிலும் கீழே எதிர் வரிசையிலும் கழித்துவிட்டால் குறி மாறிப்போகும். செங்குத்துக் கோட்டில் வகுக்கும் எண் சுழியாகிவிடுவதால் சாய்வு என்று ஓர் எண்ணே கிடைக்காது. மற்றபடி சிரமம் எதுவும் இல்லை. புள்ளிகளை யாரோ முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இந்த எளிமைக்குக் காரணம். வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் அப்படிக் கொடுப்பவர் யாரும் இல்லை. எந்த இரண்டு இடங்களை எடுப்பது, எந்தச் சுழியிலிருந்து உயரத்தை அளப்பது, எந்த நாளில் அளப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த முடிவுதான், வகுத்தல் அல்ல. காரைக்கால் மாவட்டத்து மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டையும் அதன் பின்னால் மேற்கே விரியும் காவிரிப் படுகையையும் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். சாய்வு சுழியை நெருங்கும் நிலம் அது. கொஞ்சம் பிழை நுழைந்தாலும் விடை தலைகீழாகிவிடும்.

கணிதம் நமக்குத் தரும் உறுதி எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. ஒரு நேர்கோட்டின் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் சாய்வு ஒன்றே. கோட்டின் கீழே வரையப்படும் செங்கோண முக்கோணங்கள் சிறியதானாலும் பெரியதானாலும் வடிவொத்தவை. ஆகவே உயரத்துக்கும் தொலைவுக்கும் உள்ள விகிதம் மாறாது. இதைத் திருப்பிச் சொல்லலாம்: எங்கே எடுத்தாலும் சாய்வு மாறாதிருந்தால் அது நேர்கோடு, மாறினால் அது நேர்கோடு அல்ல. ஆகவே மூன்று இடங்களை இரண்டிரண்டாக எடுத்துச் சாய்வு கண்டு ஒப்பிடுவது, அம்மூன்றும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று சோதிக்கும் வழி. பாடநூல் இதை ஒரு பயிற்சியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நிலத்தை அளப்பவருக்கோ இதுதான் தலையாய கருவி. இரண்டு புள்ளிகள் எப்போதும் ஒரு கோட்டைத் தந்துவிடும், ‘நான் நேர்கோடு அல்ல’ என்று அவை ஒருநாளும் சொல்லமாட்டா. அதைச் சொல்ல மூன்றாவது புள்ளி வேண்டும்.

காவிரியில் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 790 அடி. நாளிதழ்கள் நாள்தோறும் அச்சிடும் 120 அடிக் கணக்கைக் கழித்தால் அதன் அடிமட்டம் 670 அடி, அதாவது ஏறத்தாழ 204 மீட்டர். அங்கிருந்து காரைக்கால் கடற்கரை நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். கடலைச் சுழியாகக் கொண்டு வகுத்தால் கிலோமீட்டருக்கு 85 சென்டிமீட்டர் இறக்கம். இப்போது மேல் புள்ளியை மாற்றிக் கல்லணையை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து 110 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சாய்வு கிலோமீட்டருக்கு 55 சென்டிமீட்டர். இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. எது காரைக்காலுக்குப் பொருந்தும் என்பதை மூன்றாவது புள்ளி சொல்லும். கும்பகோணம் கடலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மேட்டூர்க் கோடு உண்மையானால் அந்த ஊர் 42 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கல்லணைக் கோடு உண்மையானால் 27 மீட்டரில். கும்பகோணம் இருப்பதோ ஏறத்தாழ 25 மீட்டரில். மேட்டூரை வைத்துப் போட்ட கணக்கு படுகையின் நடுவில் ஓர் ஐந்து மாடிக் கட்டட உயரத்துக்குத் தவறிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு கடலை நெருங்க நெருங்கத் தன் சாய்வைக் குறைத்துக்கொண்டே போகிறது; அதன் நெடுக்குவெட்டு ஒரு நேர்கோடாக இல்லாமல் உள்வாங்கிய வளைவாக இருக்கிறது. வளைவின் இரு முனைகளைப் பிடித்து இழுத்த கோடு, இடையில் எங்கும் நிலத்தோடு ஒட்டாது.

இது ஏட்டுச் சிக்கல் அல்ல என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முக்கொம்பு சாட்சி. திருச்சிக்கு மேற்கே காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. இரண்டும் புறப்படும் மட்டம் ஒன்று. இரண்டும் சேரும் கடலின் மட்டமும் ஒன்று. ஆகவே சாய்வின் மேல் எண் இரண்டுக்கும் சமம். ஆனால் கொள்ளிடத்தின் வழி நேரானது, குறுகியது. வகுக்கும் எண் சிறிதானதால் சாய்வு கூடுகிறது. சாய்வு கூடிய பக்கம் நீர் விரைகிறது, படுகையை அரித்து ஆழமாக்குகிறது, மேலும் நீரை இழுத்துக்கொள்கிறது. தஞ்சைக்குப் பாய வேண்டிய காவிரியோ மணல் சேர்ந்து மேடிட்டுக்கொண்டே வந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியது இந்தச் சாய்வுப் போட்டியில் காவிரியின் பக்கம் தராசைச் சாய்க்கத்தான். அது வேண்டியதற்கு மேலேயே பலித்துவிட்டது. காவிரிக்குள் நீர் மிகுந்து அதன் படுகை அரிக்கத் தொடங்கியதால் 1840களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. இரண்டு முனைகளின் மட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு ஆறுகளும் ஒன்றுதான். இடைப்பட்ட தொலைவைச் சேர்த்து வகுத்தவருக்கே எந்த ஆறு எதை விழுங்கும் என்பது தெரிந்தது.

புள்ளிகள் தாமாகக் கிடைப்பதில்லை என்பதை இந்தப் படுகையில் வேறொரு வகையிலும் கண்டிருக்கிறார்கள். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவைக்கு, ஒன்றையொன்று பார்க்கக்கூடிய உயரமான இடங்கள் தேவைப்பட்டன. மலைநாட்டில் குன்றுகள் அந்த வேலையைச் செய்தன. தஞ்சைச் சமவெளியில் குன்று ஏது? கோயில் கோபுரங்களையும் விமானங்களையும் நாட வேண்டியிருந்தது. 1808இல் அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதி அதன் வட்டம் நெளிந்துபோனது; அதைச் சீராக்க லாம்டன் வாரக்கணக்கில் உழைத்தார். சாய்வே இல்லாததுபோல் கிடக்கும் நிலத்தில் ஒரு புள்ளியை நிறுத்துவதற்கே இத்தனை பாடு. கிடைநிலைப் புள்ளிகளுக்கு இந்த நிலை என்றால் உயரத்தின் கதை இன்னும் நுட்பமானது. ஏனென்றால் உயரம் என்பது எப்போதும் ஏதோ ஒன்றிலிருந்து அளக்கப்படும் உயரம்.

இந்திய நில அளவைத் துறை அந்த ஏதோ ஒன்றைக் கடலில் தேடியது. கரையோரம் ஒன்பது இடங்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிவு செய்து, அவற்றின் சராசரியைச் சுழி மட்டமாகக் கொண்டு, நாடு முழுவதற்குமான மட்ட வலை 1909இல் சரிசெய்யப்பட்டது. கராச்சி, பம்பாய், கொச்சி, சென்னை ஆகியவற்றோடு நாகப்பட்டினமும் அந்த ஒன்பதில் ஒன்று. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லத்தக்க ஊர், ஒரு துணைக்கண்டத்துக்குச் சுழியாக இருந்திருக்கிறது. ஆனால் ஒன்பது இடத்துக் கடலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது என்பது ஓர் எடுகோள்தான். நீரோட்டம், வெப்பம், உப்பின் அளவு, காற்று ஆகியவற்றால் இடத்துக்கு இடம் கடலின் சராசரி மட்டம் சிறிது வேறுபடும். அப்படியானால் சாய்வுக் கணக்கே ஆட்டம் கண்டுவிடுமா? இல்லை. சாய்வில் நாம் பயன்படுத்துவது உயரங்களின் வித்தியாசத்தை மட்டுமே. இரண்டு புள்ளிகளும் ஒரே சுழியிலிருந்து அளக்கப்பட்டிருந்தால், அந்தச் சுழி சற்று மேலோ கீழோ இருந்தாலும் கழித்தலில் பிழை அடிபட்டுப்போகும். சுழி சரியாக இருக்க வேண்டும் என்பதைவிட, சுழி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கைப்பேசியே காட்டும். செயற்கைக்கோள்கள் தரும் அடிப்படை உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை, பூமிக்குப் பொருத்தப்பட்ட ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது. இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்த ஒரு பள்ளம் இருப்பதால், தென்னிந்தியக் கரையில் உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்துக்குத் தொண்ணூறு மீட்டர் அளவில் கீழே கிடக்கிறது. திருத்தம் செய்யாத கருவியை மணலில் வைத்தால் உயரம் கிட்டத்தட்ட மைனஸ் 90 என்று காட்டும். ஒரு புள்ளியின் உயரத்தைப் பழைய மட்டக்கல்லிலிருந்தும் மற்றதன் உயரத்தைத் திருத்தாத செயற்கைக்கோள் கருவியிலிருந்தும் எடுத்துக் கழித்தால், கடலோரக் கிராமம் மலையடிவாரத்தைவிடச் செங்குத்தாக மாறிவிடும். இரண்டையும் கருவியிலிருந்தே எடுத்தால் பிழையின் பெரும்பகுதி அடிபடும், முழுதும் அடிபடாது. அந்தக் கோளமும் கடல்மட்டமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. நூறு கிலோமீட்டர் தொலைவில் அவற்றுக்கிடையேயான இடைவெளியே மாறும். கிலோமீட்டருக்கு 55 சென்டிமீட்டர் சரியும் நிலத்தில் அந்த மாற்றத்தைப் புறக்கணிக்க முடியாது.

சுழி ஒன்றுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகும் ஓர் இழுபறி எஞ்சுகிறது. மட்டமெடுக்கும் முறையை அருகிலிருந்து பார்த்தால் அது விளங்கும். இரண்டு இடங்களில் அளவுகோல்களை நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். நடுவில் முக்காலியின் மேல் மட்டக் கருவி. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றதும், கருவியின் பார்வைக்கோடு கிடையாகிறது. பின்கோலில் அது 1.25 மீட்டரில் விழுகிறது, முன்கோலில் 1.30இல் விழுகிறது என்றால் முன்னிடம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தது. கருவியை இரண்டுக்கும் சம தூரத்தில் வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: பார்வைக்கோடு கொஞ்சம் சரிந்திருந்தாலும் இரு பக்கமும் ஒரே அளவு தவறி, கழித்தலில் தவறு மறைந்துவிடும். ஆனால் கோலை வாசிப்பதில் ஏற்படும் தவறு அப்படி மறையாது. இரு வாசிப்புகளிலும் சேர்ந்து அரை சென்டிமீட்டர் பிழை என்று வைப்போம். கல்லணைக் கோட்டின்படி, 10 மீட்டர் இடைவெளியில் படுகை நிலம் இறங்குவதே அரை சென்டிமீட்டர்தான். பிழை முழு விடைக்கும் சமம். நிலம் கிழக்கே சரிகிறதா மேற்கே சரிகிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. 100 மீட்டருக்குப் போனால் பிழை பத்தில் ஒரு பங்காகிறது. ஒரு கிலோமீட்டருக்குப் போனால் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே தொலைவைக் கூட்டு என்கிறது அளவைப் பிழை. தொலைவைக் கூட்டினாலோ, மேட்டூர்க் கோட்டுக்கு நேர்ந்ததுபோல், வளைவும் இடைப்பட்ட மேடுபள்ளமும் கோட்டுக்கு அடியில் மறைந்துபோகின்றன. குறைந்த தொலைவு பிழையைப் பெருக்குகிறது. நெடுந்தொலைவு உண்மையை மழுங்கடிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் தேர்வதுதான் சாய்வு காண்பதன் மெய்யான வேலை. எந்த வாய்பாடும் அந்த இடைவெளியைச் சொல்லித் தராது. எதற்காகச் சாய்வு தேவைப்படுகிறது என்பதுதான் அதைச் சொல்லும்.

கிளிஞ்சல்மேட்டின் கடற்கரையில் இந்தத் தேர்வின் விளைவு அப்பட்டமாகத் தெரியும். மணற்கரையின் சாய்வை அளக்க, கே. ஓ. எமெரி என்ற கடலியலாளர் 1961இல் எளிய வழி ஒன்றைச் சொன்னார். சம உயரமுள்ள இரண்டு கோல்கள், இடையே அளந்த கயிறு. ஒரு கோலைக் கரைப்பக்கமும் மற்றதைக் கடல்பக்கமும் நிறுத்தி, கடல்பக்கக் கோலின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் வருமாறு கரைக்கோலின் பின்னிருந்து கண்ணை இறக்கிப் பார்க்க வேண்டும். கரைக்கோலில் உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே பார்வை வெட்டுகிறதோ அதுவே இறக்கம். ரசமட்டத்தின் வேலையை அடிவானம் செய்துவிடுகிறது. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 10 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் சாய்வு 15க்கு 1. கரைக்கு இது இயல்பான அளவு. படுகையின் சாய்வோ, நாம் கண்டபடி, ஏறத்தாழ 1,800க்கு 1. இப்போது கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தால் நீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று கேட்போம். கரைச் சாய்வால் வகுத்தால் 3 மீட்டர். படுகைச் சாய்வால் வகுத்தால் 360 மீட்டர். ஒரே ஊர், ஒரே கடல், ஒரே வாய்பாடு. விடைகளுக்கு இடையே 120 மடங்கு வேறுபாடு. முதல் எண்ணைச் சொல்பவர் கவலையில்லை என்பார். இரண்டாவதைச் சொல்பவர் ஊரையே காலி செய்யச் சொல்வார்.

இரண்டில் எது சரி என்று கேட்பதே பிழை. இரண்டும் இரு வேறு வழிகளின் சாய்வு. இந்தக் கரையோரத்தில் கடலை ஒட்டி மணல்மேடும் அதன் மேற்கே தாழ்ந்த நிலமும் அமைவது வழக்கம். அலையின் வழியே வரும் கடல் மேட்டின் முகத்தில் ஏற வேண்டும். அங்கே கரைச் சாய்வு ஆளுகிறது. அதோடு கரை வெறும் பாறையல்ல, மணல். மட்டம் உயர உயரக் கரையின் வடிவமே பின்வாங்கும் என்று 1962இல் பெர் புரூன் காட்டினார். ஆகவே 3 மீட்டர் என்பது கீழ்வரம்புதான். ஆனால் கடலுக்கு வேறு வாசல்களும் உண்டு. காரைக்காலில் கடல் சேரும் அரசலாறு, அதன் கிளைகள், வடிகால் வாய்க்கால்கள் ஆகியவற்றின் வழியே ஓதநீர் மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்புறத் தாழ்நிலத்துக்குப் போய்விடும். அங்கே ஆளுவது படுகைச் சாய்வு. மேட்டில் இருக்கும் வீட்டுக்கும் அதற்கு மேற்கே இருக்கும் வயலுக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. கரையில் ஒரு புள்ளியையும் கும்பகோணத்தில் ஒரு புள்ளியையும் வைத்து இழுத்த கோடு, நடுவில் சாய்வின் குறியே மாறிமாறி வருவதைக் காட்டாது. வெள்ளக் காலத்தில் வடியாமல் நிற்கும் தண்ணீர் அந்தக் குறி மாற்றத்தைத்தான் காட்டுகிறது.

புள்ளியின் கிடையச்சில் தொலைவுக்குப் பதிலாகக் காலத்தை வைத்தாலும் இதே சிக்கல் தொடர்கிறது. கரை ஆண்டுக்கு எத்தனை மீட்டர் பின்வாங்குகிறது என்பதும் ஒரு சாய்வுதான். பழைய படத்தில் கரைக்கோடு, புதிய படத்தில் கரைக்கோடு, இரண்டின் இடைவெளியை ஆண்டுகளால் வகுத்தால் வேகம். கடற்கரை ஆய்வாளர்கள் இதை ‘முனைப்புள்ளி வீதம்’ என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நாட்டின் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகிறது என்றும், காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கரையில் அந்தப் பங்கு பாதிக்கும் மேல் என்றும் கண்டது. கவலைக்குரிய செய்திதான். ஆனால் இதைக் கிளிஞ்சல்மேட்டின் ஒரு கிலோமீட்டர் கரைக்குக் கொண்டுவரும்போது புள்ளிகளைக் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை மணலை வாரிக்கொண்டு போகும்; கோடையிலும் தென்மேற்குக் காற்றின் காலத்திலும் கரை மீண்டும் சேரும். ஒரு படம் ஜூலையிலும் மற்றது டிசம்பரிலும் எடுத்ததாக இருந்தால், பருவத்தின் ஊசலாட்டம் ஆண்டுகளின் அரிப்பாக வேடமிடும். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் 15க்கு 1 சாயும் கரையில் அரை மீட்டர் ஓதம் நீர்க்கோட்டை ஏழரை மீட்டர் நகர்த்திவிடும். பத்தாண்டு இடைவெளியில் அதுவே ஆண்டுக்கு முக்கால் மீட்டர் போலி அரிப்பு. இடைவெளியை 1990 முதல் 26 ஆண்டுகளாக்கினால் இந்தப் பிழை சுருங்கும். ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2009இல் வாஞ்சூரில் செயல்படத் தொடங்கிய துறைமுகமும் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகின்றன. அவற்றுக்கு முன் ஒரு சாய்வு, பின் ஒரு சாய்வு இருந்ததா என்பதை முனைக்கோடு சொல்லாது.

இரண்டு புள்ளிகளை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும், பல புள்ளிகளை எடுத்து அவற்றுக்கு மிகப் பொருத்தமான கோட்டை வரையலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை அதற்காகவே பிறந்தது. ஒரு புள்ளியின் தற்செயல் பிழையை அது மற்ற புள்ளிகளால் சமன் செய்கிறது. ஆனால் தேர்வு என்ற பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்கிறது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் ஆறாவது அறிக்கை. மொத்தத்தையும் வகுத்தால் ஆண்டுக்கு 1.7 மில்லிமீட்டர். அதே அறிக்கை காலத்தைப் பிரித்தும் தருகிறது: 1971 வரை 1.3, 2006 வரை 1.9, அதன் பின் 2018 வரை 3.7. முழு நூற்றாண்டின் புள்ளிகளுக்கும் ஒரே கோட்டைப் பொருத்தினால் இன்றைய வேகம் பாதியாகக் குறைந்து தெரியும். கடந்த சில ஆண்டுகளை மட்டும் எடுத்தால் தற்காலிக ஏற்ற இறக்கங்கள் சாய்வை ஆட்டுவிக்கும். பத்துப் புள்ளியானாலும் ஆயிரம் புள்ளியானாலும், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற கேள்வி நீங்குவதில்லை.

பல புள்ளிகளின் இன்னோர் ஆபத்தையும் கொள்ளிடத்துக்கு வடக்கே ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த விவாதம் காட்டியது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவரோடு ராஜேந்திரனும் 18 கடலோர ஊர்களின் தரவை வைத்து, கரையோரத் தாவரம் மிகுந்த இடங்களில் உயிரிழப்பு குறைந்தது என்று 2005இல் எழுதினர். அடுத்த ஆண்டே கெர், பேர்ட், கேம்பல் ஆகியோர் அதே தரவை மீண்டும் ஆராய்ந்து, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவும் இழப்பின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, அவற்றைக் கணக்கில் எடுத்த பின் தாவரத்தின் தனிப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவே என்று மறுத்தனர். புள்ளிகள் ஒன்றே, எந்த அச்சில் எதை வைப்பது என்பது மாறியதும் சாய்வு கரைந்துபோனது. அலையாத்திக் காடு வேண்டாம் என்பதற்கு இது சான்றல்ல. மேடும் தொலைவும் உள்ள இடத்தில்தான் காடும் இருந்தது என்பதற்குச் சான்று. கிளிஞ்சல்மேடு உட்படக் காரைக்கால் கரையின் மீனவ ஊர்கள் அன்று கொடுத்த விலையை நினைத்தால், உயரமும் தொலைவும் எத்தனை கவனமாக அளக்கப்பட வேண்டியவை என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

இனி செயற்கைக்கோள் இருக்கிறதே என்ற வாதம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாளில் உலகின் பெரும்பகுதிக்கு ராடார் மூலம் உயரப்படம் எடுத்தது. உலகம் முழுவதும் வெள்ள அபாயக் கணக்குகள் நெடுங்காலம் அதையே நம்பின. அந்த ராடார் தென்னந்தோப்பின் தலையையும் கூரையின் மேற்பரப்பையும் தரை என்று வாசித்துவிடுவது உண்டு. பிழை சில மீட்டர்கள்தான். மலைநாட்டில் அது பொருட்டல்ல. கரையோரத்தில் அந்தச் சில மீட்டர்தான் முழு உயரமே. 2019இல் கல்ப், ஸ்ட்ராஸ் ஆகியோர் இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படக்கூடிய மக்கள் தொகை முந்தைய மதிப்பீட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கானது. கடல் ஒன்றும் கூடுதலாக ஏறிவிடவில்லை. புள்ளிகள் திருந்தின, அவ்வளவே. கருவி நவீனமானது என்பதால் புள்ளி நம்பகமானது என்று ஆகிவிடாது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். ஆயத்தொலை வடிவியல் பிறப்பதற்கு முன்பே இந்தப் படுகையில் வாய்க்கால் வெட்டினார்கள். தலைமடையிலிருந்து கடைமடை வரை நீர் போனது. தண்ணீருக்குத் தெரியாத வாட்டமா? மொட்டை மாடிக்கு வாட்டம் விடும் கொத்தனார் எந்த வாய்பாட்டைப் படித்தார்? நீரே மிகச் சிறந்த மட்டக் கருவி என்பது உண்மை. கொத்தனாரின் நீர்க்குழாய் அந்த அறிவின் வாரிசு. ஆனால் நீர் எந்தப் பக்கம் தாழ்வு என்று சொல்லும். எவ்வளவு தாழ்வு என்பதையும், கட்டுவதற்கு முன்பே என்ன ஆகும் என்பதையும் அது சொல்லாது. முக்கொம்பில் ஆறு தன் சாய்வைத் தானே கண்டுகொண்டது, ஆனால் அதன் விளைவு தஞ்சையின் வயல்களில் தெரிவதற்குள் மணல் சேர்ந்துவிட்டது. பழைய வாய்க்கால்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு இன்றைய வடிவுக்கு வந்தவை. கடல் உயரும் வேகம் கூடிவரும் காலத்தில் அத்தனை அவகாசம் நமக்கில்லை. எண் வேண்டியிருப்பது அதனால்தான்.

கணித ஆசிரியர் எழுப்பக்கூடிய மறுப்பு கடைசியானது: இதெல்லாம் புவியியலின் தொல்லை, கணிதத்துக்கு இதில் என்ன? நேர்கோட்டுக்குச் சாய்வு சொல்வது மட்டுமே எங்கள் வேலை. எல்லை வகுப்பதில் இது சரி. ஆனால் பாடம் அங்கேயே நின்றுவிட்டால், மாணவரிடம் எஞ்சுவது வகுத்தல் பயிற்சி மட்டுமே. தமிழகத்தின் பத்தாம் வகுப்பு நூலில் சாய்வு விரிவாகவே உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அரசுப் பள்ளிகள் அண்மையில் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதன் பத்தாம் வகுப்பு ஆயத்தொலைப் பாடம் தொலைவு வாய்பாட்டோடும் பிரிவு வாய்பாட்டோடும் நின்றுவிடுகிறது. சாய்வை முறையாகப் படிப்பது பதினோராம் வகுப்பில், கணிதத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள். உலகிலேயே சாய்வு மிக நுட்பமாக விளங்க வேண்டிய நிலங்களில் ஒன்றில் வாழும் பிள்ளைகளில் பலர் அந்தக் கருத்தை வகுப்பில் சந்திக்காமலேயே போகலாம். இரண்டு கோலும் ஒரு கயிறும் அடிவானமும் அந்தக் குறையைத் தீர்க்கப் போதும். பருவத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் அளந்து பதிவேட்டில் எழுதிவைத்தால், ஐந்தாண்டில் எந்தச் செயற்கைக்கோள் படமும் தராத நுட்பத்தில் கரையின் வடிவம் கிடைக்கும். புள்ளி மாறினால் சாய்வு மாறும் என்பதும் தானே புரியும்.

ஆட்சி விதிகளிலும் இந்தப் புரிதலுக்கு இடமிருக்கிறது. 1991 முதல் நடைமுறையிலுள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்று கிடைத்தொலைவை அடிப்படையாகக் கொள்கின்றன. சாய்வின் கீழ் எண்ணை மட்டும் சொல்லி மேல் எண்ணை விட்டுவிடும் விதி இது. 50க்கு 1 ஏறும் கரையில் 500 மீட்டர் தள்ளிப் போனால் 10 மீட்டர் உயரம் கிடைக்கும். படுகைச் சாய்வில் அதே 500 மீட்டர் தருவது 28 சென்டிமீட்டர். 2011 அறிவிக்கை அபாயக் கோடு என்ற கருத்தைக் கொண்டுவந்தது இந்தக் குறையை ஓரளவு உணர்ந்துதான். காரைக்காலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாவட்டம் மேற்கே சில கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதன் ஆறுகளின் மேல் புள்ளிகள் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கி, உச்ச நீதிமன்றம் 2018இல் மாற்றாமல் விட்ட 7 டி.எம்.சி. நீர் எந்த வாய்க்காலில் எவ்வளவு வேகமாக வந்து சேரும், மழைநீர் எந்த வழியே வடியும் என்பதைக் கணக்கிட, இரு அரசுகளின் மட்டக் கற்களும் ஒரே சுழியில் ஒப்பிடப்பட்டுப் பொதுவில் கிடைக்க வேண்டும். ஒரு பக்கத்துப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சாய்வு காண முடியாது.

ஆகவே சாய்வு என்று ஒரு தனி எண்ணைச் சொல்வதைப் பாதிச் செய்தியாகவே கொள்ள வேண்டும். அதோடு எந்த இரு புள்ளிகள், எந்தச் சுழி, எந்த நாள் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் செய்தி முழுமையாகும். கூடவே, அந்தக் கோட்டின் மேல் விழாத மூன்றாவது புள்ளி ஏதேனும் உண்டா என்று தேடியிருக்கவும் வேண்டும். கரைக்கு 3 மீட்டர் என்று ஓர் அறிக்கையும் 360 மீட்டர் என்று இன்னோர் அறிக்கையும் வந்தால் எதை நம்புவது என்று ஊர்க்கூட்டம் திகைக்கத் தேவையில்லை. இரண்டையும் எழுதியவர்களிடம் புள்ளிகளைக் கேட்டால் போதும். புள்ளிகளைத் தர முடியாதவரின் சாய்வை நம்பிக் கிளிஞ்சல்மேட்டில் ஒரு கல்லையும் கொட்டக்கூடாது, ஒரு வீட்டையும் பெயர்க்கக்கூடாது.